கொழுந்துத் தராசில் தொங்கிய மாப்பிள்ளை

நீங்கள் கொஞ்சம் மெலிந்துவிட்டீர்கள் என்று யாராவது சொன்னால், அதை நம்பாத மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை. கொழுத்துவிட்டீர்கள் என்று சொன்னால் மட்டும், சொன்னவனின் கண்ணில் கோளாறு, சட்டையின் தையலில் கோளாறு, கண்ணாடியில் கோளாறு. இந்த ரக மூடர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினால் முதல் ஆளாக நிற்க எனக்குத் தகுதி உண்டு. சும்மா சொல்லவில்லை, சாட்சிக்கு ஒரு தோட்டமே இருக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசி. நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. பெயரைக் கேட்டுப் பெரிய கணக்குப் புலி என்று நினைத்துவிடாதீர்கள். கொழுந்து பறிக்கிற பெண்களைப் பார்த்து, 'நிரையை விட்டுட்டுப் போகாத', 'முத்தல் எலையப் போடாத' என்று கத்துவதும், அவர்கள் பறித்ததை நிறுத்துச் சொல்வதும்தான் வேலை. வயது இருபத்தேழு. கையில் கறுப்புக் குடை, காக்கி அரைக் கால்சட்டை, முழங்கால் வரை மேசுக் காலுறை, இவை எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வயிறு. மலைப் பாதையில் வளைவு திரும்பும்போது முதலில் அது வரும். அப்புறம் குடை வரும். கடைசியில்தான் நான்.

மலை ஏறி இறங்குகிற உத்தியோகம் ஆயிற்றே, எப்படிக் கொழுத்தாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் ஏறினால்தானே! ரோட்டோரத்தில் எனக்கென்று ஒரு கல் இருந்தது. அதில் உட்கார்ந்துகொண்டு மேலே பார்த்துக் கத்துவேன். என் குரல் மட்டும் தினமும் மலை ஏறி இறங்கும். குரல் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

சாப்பாடு? அம்மாவும் நானும் மட்டும்தான் குவாட்டர்ஸில். காலையில் சம்பலோடு ஆறு ரொட்டி. மதியம் சோறு (எவ்வளவு என்று கேட்காதீர்கள், பீங்கான் தட்டே தெரியாது). நாலு மணிக்கு நோர்வூட் கடைத்தெருவிலிருந்து வருகிற மாலுபாண் இரண்டு, மீனும் கிழங்கும் உள்ளே வைத்தது. நடுநடுவே சாயத்தண்ணி, ஒவ்வொரு கோப்பைக்கும் மூன்று கரண்டி சீனி. இவ்வளவுக்கும் அம்மா, வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம், "புள்ளைக்கு சாப்பாடே எறங்க மாட்டேங்குது" என்பார்.

அந்த வருடம் சித்திரையில் வட்டகொடைக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் புவனேஸ்வரி, பள்ளிக்கூட ஆசிரியை. அவளுடைய அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்து மகளைப் படிக்க வைத்தவர். தட்டில் வடை வந்தது. நான் நாசூக்காக ஐந்து எடுத்துக்கொண்டேன். ஆறாவதுக்குக் கை நீளும்போதுதான் பெண், "நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்றது. நான் வடையைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போனேன். (பொய். வாயில் போட்டுக்கொண்டு போனேன்.)

லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கத்தரிப் பாத்தி ஓரத்தில் நின்று அவள் பேசினாள்.

"கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா ஃபெக்டரியில வேல செஞ்சவரு. சீனி வருத்தம். மொதல்ல கால் வெரல எடுத்தாங்க. அப்பறம் காலையே எடுத்தாங்க. அம்பது வயசுல ஆளே போயிட்டாரு. கடைசி வரைக்கும் 'எனக்கு ஒண்ணுமில்ல, எனக்கு ஒண்ணுமில்ல'ன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. எங்கம்மா பட்ட பாட்ட நான் படுறதுக்குத் தயாரா இல்லைங்க. உங்கள எனக்குப் புடிக்காம இல்ல. ஆனா நீங்க மூச்சு வாங்குறது எனக்கு இங்க வரைக்கும் கேக்குது."

"அது... மேடு ஏறி வந்ததுல..." என்றேன்.

"இது எறக்கங்க" என்றாள்.

பிறகு நிபந்தனை. ஆவணிக்குள் உடம்பைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். குறைத்ததை அப்படியே வைத்துக்கொள்வேன் என்று அவளுக்கு நம்பிக்கை வர வேண்டும். வந்தால் கல்யாணம், வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு குறைப்பது என்று கேட்டேன். "அத டாக்டர்கிட்ட கேளுங்க. நான் கணக்கு டீச்சர்தான், டாக்டர் இல்ல" என்றாள். அந்த நிமிடமே எனக்கு அவளை அடக்க முடியாமல் பிடித்துப்போய்விட்டது. இந்தப் பெண்ணை விட்டால் என்னைப் போல முட்டாள் இல்லை என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். முட்டாள் ஆவதற்கு அப்படிப் பெரிய முயற்சி எல்லாம் தேவைப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டரையா யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்கவே மாட்டார், ஆனால் எல்லாவற்றிலும் சிரிப்பைக் கண்டுபிடிப்பார். நின்று நிறை பார்க்கிற பழைய தராசில் என்னை ஏறச் சொன்னார். எண்பத்தொன்பது காட்டியது. நான் இறங்கினேன், முள் இறங்கவில்லை. அடித்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். அது எண்பத்தொன்பதிலேயே செத்துப்போயிருந்தது.

"தம்பி, இருவது வருசமா நிண்ட தராசு. இனிப் புதுசுக்கு எழுதிப் போட்டு, அது வர எத்தினை மாசமோ" என்றார். "சரி, அது போகட்டும். உம்மட உயரத்துக்கு எழுவத்தைஞ்சு காணும். இதுக்கு மருந்து ஒண்டும் இல்லை. சீனியைக் குறையும், சோத்தைப் பாதியாக்கும், மரக்கறியைக் கூட்டும். அந்தக் கல்லில இருந்து எழும்பி ஒவ்வொரு நாளும் மலை ஏறும். மாசத்துக்கு ரண்டு கிலோ குறைஞ்சால் காணும். கெதியாக் குறைக்க வெளிக்கிட்டால் கெதியாத் திரும்பி ஏறும்."

இவ்வளவுதான் விஷயம். ஐந்து வரியில் முடிந்துபோகிற புத்தி. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் அந்தத் தடியன் (என்னைத்தான் சொல்கிறேன்) என்ன செய்தான்? மூன்று கரண்டிச் சீனியை இரண்டரை ஆக்கினான். சோற்றில் ஒரு பிடி குறைத்து, ரொட்டியில் ஒன்று கூட்டினான். காலையில் கல்லில் உட்காரும் முன் கல்லை ஒரு முறை சுற்றி வந்தான். இதற்குப் பெயர் உடற்பயிற்சியாம். பிறகு, எவ்வளவு குறைந்தோம் என்று பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரித் தராசுதான் செத்துவிட்டதே. எனவே கொழுந்து மடுவத்துக்குப் போனான்.

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. உத்தரத்தில் வட்ட முகம் கொண்ட ஒரு தராசு தொங்கும், கீழே கொக்கி. பறித்த கொழுந்தைச் சாக்கில் போட்டு அதில் மாட்ட வேண்டும். இங்கே நம் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முள் காட்டுகிற நிறையை நாங்கள் அப்படியே சொல்வதில்லை. சாக்கின் பாரத்துக்குக் கொஞ்சம், இலையில் ஒட்டிய தண்ணீருக்குக் கொஞ்சம் என்று கழித்துச் சொல்வது வழக்கம். எவ்வளவு கழிப்பது? அது தராசுக்குக் கீழே நிற்கிற கணக்கப்பிள்ளையின் மனசு. என் மனசு தாராளம். "இருபது... சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ரெண்டு, முத்தலுக்கு ஒண்ணு... பதினாறு!" என்று ராகம் போட்டுக் கத்துவேன். மழை நாளில் தண்ணீருக்கு இன்னொன்று சேரும். அன்றைய அளவு தேறாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அரைப் பேர், அதாவது பாதி நாள் கூலி. மேலதிகாரி கண்டாக்கையா "நல்லா கண்டிப்பா நிறுக்கிற ஆளு" என்று என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம்.

கொழுந்து பறிக்கிற பெண்களில் பாக்கியம் என்று ஒருத்தர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், என்னுடைய ஒரு காலின் அகலம்தான் மொத்த ஆளே. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒருநாள், "ஐயா, முள்ளு இருபதுலதானே நிக்குது?" என்று கேட்டார். நான் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "இந்தா பாரு பாக்கியம், முள்ளு காட்டுறது நிறை இல்ல. தராசு பாக்குறவங்க சொல்றதுதான் நிறை" என்றேன். எவ்வளவு கம்பீரமான வசனம்! வயதில் என் அக்காவைப் போன்றவரை 'நீ' என்றும் பெயர் சொல்லியும் கூப்பிட்ட என் வாயில் அன்றைக்கே யாராவது ஒரு மாலுபாணை வைத்து அடைத்திருக்கலாம்.

சனிக்கிழமை மதியம் லொறி கொழுந்தை ஏற்றிக்கொண்டு போன பிறகு என் நிறுவை. மூட்டைகள் நிறுக்கிற பெரிய தராசு, நூறு கிலோ வரை தாங்கும். நாலு சாக்கை முடிந்து தொட்டில் கட்டினோம். நான் உள்ளே உட்கார்ந்து முழங்காலை மடக்கிக்கொண்டேன். வட்ட முகம் என் தலைக்கு மேலே. அண்ணாந்து பார்க்க முயன்றால் தொட்டில் சுற்றும், சுற்றினால் மலை, மடுவம், பெண்களின் பற்கள் எல்லாம் மாறி மாறி வரும். எனவே நிறையைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். படித்தவர் பாக்கியம்தான்.

அவர் முந்தானையைச் சரி செய்துகொண்டு மரியாதையாகக் கேட்டார். "ஐயா, எங்க கொழுந்த நிறுக்கிற மாதிரியே நிறுக்கவாங்க?"

"அதே மாதிரி நிறு! ஒரு வித்தியாசமும் இருக்கக் கூடாது" என்றேன், தொட்டிலுக்குள் இருந்து, வவ்வால் மாதிரித் தொங்கிக்கொண்டு.

அவர் முள்ளைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு உரத்த குரலில், "எம்பத்தஞ்சு!" என்றார்.

ஒரே வாரத்தில் நாலு கிலோ! கல்லை ஒரு சுற்றுச் சுற்றியதற்கே இப்படி என்றால் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஆள் மறைந்தே போவேனே என்று பயந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் நோர்வூட்டுக்கு ஆள் அனுப்பி நாலு மாலுபாண் வரவழைத்தேன். அன்றிலிருந்து அதுவே சட்டம்: குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு மாலுபாண் வெகுமதி.

வைகாசியில் மழை தொடங்கியது. எண்பத்து மூன்று. ஆனியில் மழை கொட்டியது. எண்பது. வெகுமதிகளும் கொட்டின. ஆடியில் எழுபத்தெட்டு. நடுவில் கால்சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப்போய்க் கண்டாக்கையாவின் தேத்தண்ணிக் கோப்பையில் விழுந்தது. மழைக்குத் துணி சுருங்குகிறது என்றேன். பெல்ட் கடைசி ஓட்டைக்குப் போனது. தோலும் சுருங்கும் என்றேன். அம்மாவோ, "கண்ணு பட்டு எம்புள்ள கரைஞ்சு போறானே" என்று அழுது, ரொட்டிக்கு நெய் பூச ஆரம்பித்தார்.

இதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. நான் உபதேசம் செய்ய ஆரம்பித்தேன். யாருக்கு? காலை ஏழு மணிக்கு மலை ஏறி, முதுகில் கூடை பாரத்தோடு, அட்டைக் கடியில் நாள் முழுக்க நின்று, ஒரு ரொட்டியும் பச்சைமிளகாயும் தின்கிற பெண்களுக்கு. என் கல்லில் சாய்ந்துகொண்டு, "ஒடம்பு நல்லா இருக்கணும்னா நடக்கணும். எண்ணெயக் கொறைக்கணும். என்னைப் பாருங்க!" என்பேன்.

ஏழாம் நம்பர் மலை உச்சியிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த பாக்கியம், கூடையை இறக்காமலே, "சரிங்கய்யா. நாளையிலேர்ந்து கொஞ்சம் நடந்து பாக்குறோம்" என்றார். மற்றப் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இடுப்பில் கட்டிய படங்குத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். பனிக்கு இருமல் வருகிறது, பாவம் என்று நினைத்தேன்.

ஆடி கடைசிச் சனிக்கிழமை பாக்கியம் அறிவித்தார்: "எழுவத்தாறு!" டாக்டரையா சொன்ன நிறைக்கு இன்னும் ஒரே கிலோ. உடனே வட்டகொடைக்குக் கடிதம் எழுதினேன். 'எழுபத்தாறு. நேரில் வந்து பார்க்கவும்' என்று, ஏதோ போட்டியில் வென்றவன் மாதிரி. அடுத்த ஞாயிறு அம்மாவும் தானும் வருவதாகவும், எல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கே நாள் குறிக்கலாம் என்றும் புவனேஸ்வரி பதில் போட்டாள்.

அதே ஞாயிறு டாக்டரையா பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற திடலில், ஒரு சுகாதாரக் கூட்டம் வைத்திருந்தார். சும்மா இருந்தேனா? அவரிடம் போய், உடம்பு குறைப்பதைப் பற்றி நான் பேசுகிறேன் என்று கேட்டேன். அவர் என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். நடுப்பகுதியில் கொஞ்சம் தங்கிப் பார்த்தார்.

"எழுவத்தாறோ? ஆர் சொன்னது?"

"தராசு சொன்னதுங்க."

"ம்ம். நல்லது. புதுத் தராசு வந்திட்டுது, தம்பி. பேசிப்போட்டு எல்லாருக்கும் முன்னால ஒருக்கா ஏறிக் காட்டும். சனத்துக்கு ஒரு ஊக்கமா இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை தோட்டமே திடலில் கூடியிருந்தது. முன்னால் நாற்காலிகளில் தோட்ட நிர்வாகி தொரையும் கண்டாக்கையாவும். பக்கத்து வாங்குப் பலகையில் புவனேஸ்வரியும் அவளுடைய அம்மாவும். என்னைப் பார்த்ததும் புவனேஸ்வரியின் முகம் சுருங்கியது. வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். (அந்தக் காலத்தில் எதை எடுத்தாலும் நான் எனக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொள்வேன், வடை உட்பட.)

பேசினேன் ஐயா, பேசினேன். மன உறுதி என்றேன். நாக்கை அடக்குவது என்றேன். நான் பட்ட பசியைச் சொன்னபோது எனக்கே கண் கலங்கியது. கடைசியில், "இந்தத் தோட்டத்தில் என்னால் முடிந்தது என்றால் உங்களாலும் முடியும்!" என்று கையை உயர்த்தினேன். அக்குளில் சட்டை கிழிந்தது. கை தட்டினார்கள். புதுத் தராசில் போய் ஏறினேன்.

டாக்டரையா குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தொண்ணூத்தி நாலு."

நான் இறங்கி, குடையை வைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி, சப்பாத்தையும் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன்.

"தொண்ணூத்தி மூண்டு. சப்பாத்து ஒரு கிலோ" என்றார் டாக்டரையா.

சித்திரையில் இருந்ததைவிட நாலு கிலோ கூடியிருந்தேன். மனிதன் என்றால் அந்த இடத்தில் இறங்கி வீட்டுக்குப் போயிருப்பான். எனக்குத்தான் அவ்வளவு மூளை கிடையாதே. "இந்தத் தராசு பிழை!" என்று கத்தினேன். "ஒவ்வொரு சனிக்கிழமையும் மடுவத்துல நிறுத்தேன். சாட்சி இருக்கு. பாக்கியம்! எந்திரி. போன வாரம் என்னோட நிறை எவ்வளவு? சத்தமா சொல்லு!"

பாக்கியம் எழுந்தார். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"எழுவத்தாறுங்க."

"கேட்டீங்களா! கேட்டீங்களா!" என்று நான் தொரை பக்கம் திரும்பினேன்.

"கழிச்சது போக எழுவத்தாறுங்க" என்றார் பாக்கியம்.

"கழிச்சதா? என்னத்தக் கழிச்ச?"

"முள்ளு தொண்ணூத்தி நாலுல நின்னிச்சுங்க. தொட்டிலுக்கு நாலு சாக்கு, அதுக்கு நாலு. மழ பேஞ்சிச்சு, தண்ணிக்குப் பத்து. முத்தலுக்கு நாலு. பதினெட்டு போனா எழுவத்தாறுதானேங்க? எங்க கொழுந்த நிறுக்கிற மாதிரியே நிறுக்கச் சொன்னீங்க. மொத வாரம் வெயிலு, அதனால நாலு மட்டும் கழிச்சோம். மழ வந்ததும் ஐயா எங்களுக்குக் கூட்டினீங்க, நாங்களும் கூட்டினோம். இருவது கிலோவுக்கு நாலு கழிக்கிற எடத்துல தொண்ணூத்தி நாலு கிலோவுக்குப் பதினெட்டு கூடவாங்க? சொச்சத்தக்கூட பாவம்னு விட்டுட்டோம்."

நான் வாயைத் திறந்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"முள்ளு காட்டுறது நிறை இல்ல, தராசு பாக்குறவங்க சொல்றதுதான் நிறைன்னு ஐயாதாங்க சொன்னீங்க."

அதன் பிறகு எழுந்த சிரிப்பை நான் விவரிக்கப்போவதில்லை. மூன்று வருடமாகப் படங்கால் பொத்தி வைத்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. டாக்டரையா மட்டும் சிரிக்காமல் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருடைய தோள்தான் குலுங்கியது. கண்டாக்கையா கால்சட்டைப் பொத்தானை நினைத்திருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். புவனேஸ்வரியின் அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரிக்காத ஒரே ஆள் புவனேஸ்வரி. எழுந்து நேரே பாக்கியத்திடம் போனாள். "அக்கா, உங்களுக்கு தெனமும் இருவதுக்கு நாலா கழிக்கிறாரு?"

"மழ நாள்ல அஞ்சும்மா."

"எத்தன வருஷமா?"

"இவரு வந்து மூணு வருஷமா."

புவனேஸ்வரியின் அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைக் கறை போகாத கை. புவனேஸ்வரி என்னிடம் வந்தாள். நான் சப்பாத்து இல்லாமல், கிழிந்த சட்டையோடு, இன்னும் தராசின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். இறங்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"எங்கம்மா அரைப் பேர் வாங்கிட்டு வந்து அழுத நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். "எங்கப்பா தன்னையே ஏமாத்திக்கிட்டாரு. ஆனா அடுத்தவங்க நிறையில கை வைக்கல. நீங்க ரெண்டையும் செஞ்சிருக்கீங்க. உங்க ஒடம்பு உங்களுக்கே தெரியலியா? கால்சட்ட சொல்லலியா? படி சொல்லலியா? பொய்ய எவ்வளவு ஆசையா நம்பியிருக்கீங்க!"

"புவனா, நான்..."

"நாள் குறிக்கல. அம்மா, வாங்க போவோம்." நாலடி நடந்தவள் திரும்பினாள். "அடுத்த ஆவணிக்கு ஒரு தடவ வந்து பாப்பேன். அது வரைக்கும் அந்தத் தராசுல கழிக்காம நிறுங்க. அவங்களுக்கும்தான், உங்களுக்கும்தான்."

தொரை கண்டாக்கையாவிடம் கழிவைப் பற்றி ஏதோ கேட்டார். சாக்குக்கு ஒன்றும், மழையென்றால் இன்னொன்றும்தான் தோட்டத்து வழக்கம் என்று தெரிந்தது. மீதி எல்லாம் என் சொந்தச் சாமர்த்தியம். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். கேலிக்காக அல்ல, அவள் போய்விட்டாள் என்பதற்காக. அம்மா, அழுகிற பிள்ளைக்கு நெய் ரொட்டி கொண்டுவந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக, வேண்டாம் என்றேன். அம்மா பயந்துபோய் டாக்டரையாவைக் கூப்பிடப் போனார்.

மறுநாள் காலை என் கல்லைத் தாண்டி மலை ஏறினேன். பாதியில் மூச்சு நின்று, ஒரு தேயிலைச் செடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மேலேயிருந்து பாக்கியம் எட்டிப் பார்த்து, "கொஞ்சம் நடக்கணும்ங்கய்யா. எண்ணெயக் கொறைக்கணும்" என்றார். அன்று மாலை சாக்குக்கு ஒன்று மட்டும் கழித்து, இருபதுக்குப் பத்தொன்பது சொன்னேன். ஒருவரும் நம்பாமல் மூன்று முறை எட்டிப் பார்த்தார்கள். அந்த வாரத்திலிருந்து அவர் எனக்குப் பாக்கியக்கா ஆனார்.

பிறகு நடந்தது எதிலும் சுவாரஸ்யம் இல்லை, அதனால்தான் அது பலித்தது. சாயத்தண்ணிக்குச் சீனி இல்லை. சோறு பாதி, கீரையும் பருப்பும் மீதி. தினமும் மலை, மழையோ பனியோ. மாலுபாண் மாதம் ஒன்று. சில மாதம் இரண்டு கிலோ குறைந்தது, சில மாதம் ஒன்றுமே இல்லை, தைப் பொங்கலுக்கு ஒன்று ஏறியது. ஆஸ்பத்திரியில் டாக்டரையா முன்னால்தான் நிறுவை. அடுத்த ஆவணியில் புவனேஸ்வரி சொன்னபடி வந்தாள். டாக்டரையாவை நம்பாமல் தானே குனிந்து முள்ளைப் பார்த்தாள். எழுபத்தொன்பது. எழுபத்தைந்துக்கு இன்னும் நாலு பாக்கி. அவள் நேரே மடுவத்துக்குப் போய்ப் பெண்களிடம் என்னவோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, "நாள் குறிங்க" என்றாள். என்ன கேட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் அன்று தொடங்கிய வியாதி இன்னும் தீரவில்லை. மகள் பிறந்து, நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தபோது, பிள்ளை மூன்று கிலோ என்று பெருமையாகச் சொன்னேன். பார்க்க வந்த பாக்கியக்கா, "கழிச்சதுங்களா, கழிக்காததுங்களா?" என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்த எண்ணும் அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும். மகள் பள்ளிக்கூடத்தில் தொண்ணூறு மார்க் என்றாலும் அதே கேள்வி, நான் இரண்டு ரொட்டிதான் சாப்பிட்டேன் என்றாலும் அதே கேள்வி.

எட்டு ஒன்பது வருடம் போனது. உடம்பு திரும்ப ஏறவில்லை, இறங்கிக்கொண்டுதான் வந்தது, நத்தை வேகத்தில். பாக்கியக்கா வேலையிலிருந்து நின்ற வருடம் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஓடிப்போய் வீட்டுத் தராசைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, சப்பாத்தோடேயே ஏறினேன். "நீங்களே பாருங்கக்கா. சாக்கு இல்ல, தண்ணி இல்ல, முத்தல் இல்ல."

குனிந்து பார்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கையை வைத்து மறுபடி பார்த்தார். பிறகு புவனாவைப் பார்த்து, ரொம்ப நாளாகச் சுமந்த பழி ஒன்று தீர்ந்தவர் போல நிமிர்ந்தார்.

"எழுவத்தாறு! பாத்தியாம்மா? அன்னைக்கே நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன். இவரு வந்து சேரத்தான் இவ்வளவு நாளாயிருக்கு."